சத்தமில்லாத இடம்

...சத்தமில்லாத இடமாம், அதற்குள்ளே பொன்னாடையைப் போர்த்திவிட்டு இறங்கிவிடலாமாம், எப்படி இருக்கிறது புத்தி, ஏழு மாத ஒத்திகையில் இந்த நித்தியானந்தனுக்கு விளங்கிய ஒரே விஷயம் நாடகத்தின் கடைசியில் ஒருவரும் பேசுவதில்லை என்பதுதான், ஆகவே அந்த இடம் சும்மா கிடக்கிறது, கார் நிறுத்துகிற இடம் மாதிரி, யாரும் கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம்... தில்லைநாயகி மேடைக்கு ஏறும் மரப்படியின் மேல்தட்டில், பட்டுச்சேலை கசங்கினால் கசங்கட்டும் என்று, நாடகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். சுவிஸில் துன் நகரத்துக்கு வெளியே, கிழமை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் பந்தடிக்கிற மண்டபம் அது. நடிகர்கள் பின்னால் திரைக்குள்ளால் வந்துவிடுவார்கள், பொன்னாடையும் மைக்கும் ஏறுவதற்கு இருப்பது இந்த ஒரு படிதான். கீழ்ப்படியில் சங்கச் செயலாளர் நித்தியானந்தன், யாரோ பெற்ற குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டார்கள், தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பதுபோல, பொன்னாடையை ஏந்திக்கொண்டு நின்றான். "அக்கா, எழும்புங்கோ, ரெண்டு நிமிசம்தான்." முடிந்தபிறகு இருபது நிமிடம் எடும், நானே தட்டுப் பிடிக்கிறன் என்றாள். "அண்ணை பீல் நகரத்து விழாவுக்கும் போகவேணும், வெளிக்கிட்டு இருக்கிறார்." போகட்டுமே, பீலில் வேறு துணி வைத்திருப்பார்கள்...

அண்ணை என்றால் ஸ்ரீஸ்கந்தராஜா, இரண்டு நகைக்கடைக்குச் சொந்தக்காரர், மண்டப வாடகை அவருடையது, முன்வரிசை நடுக்கதிரையில் ஒரு காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறார், தலைக்குப் பூசிய கறுப்பு மீசைக்குப் போதாமல் போய்விட்டது பாவம், காலையில் சூரிச்சில் ஒன்று போர்த்தியாயிற்று, இங்கே ஒன்று, பீலில் ஒன்று, இந்தக் குளிரில் ஒரு மனிதருக்கு எத்தனை போர்வைதான் வேண்டும். படியில் இருந்தால் மண்டபம் முழுவதும் தெரிகிறது, அதுவும் ஒரு வசதி. மூன்றாம் வரிசையில் கலியாண வீட்டோடு கதைப்பேச்சை விட்ட மச்சாள்மார் இரண்டு பேரும், நடுவில் ஒரு கதிரை, அதில் எல்லைக்காவலுக்கு ஒரு கைப்பை. தூணடியில் மருமகளைக் கூட்டிவராமல் புதுச்சங்கிலியை மட்டும் கூட்டிவந்திருக்கிறவ. கதவடியில் மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற அப்வார்ட், சுவிஸ்காரன், திறப்புக்கோர்வையோடு... இதெல்லாம் எனக்கு எதற்கு? ஆனால் கண் போகிறது, என்ன செய்ய, கண் இல்லாதவள் நாடகம் பழக்க முடியுமா. "அடுத்த முறை உங்களுக்கு மேடை இல்லையெண்டு சொல்லப்போகினம் அக்கா. நான் சொல்லேல்லை, கொமிட்டி." சொல்லட்டும். பத்தொன்பது வருஷம் பொறுத்தவள் நான். போன முறை என்ன செய்தீர்கள், நடுவில் பொன்னாடை போர்த்தவென்று ஏறி, போரில் விழுந்து செத்துக் கிடந்தவனை எழுப்பிக் கைதட்ட வைத்தீர்கள், அவனும் எழும்பி, தட்டி, உடுப்பைச் சரிபண்ணிக்கொண்டு திரும்பப் படுத்துச் செத்தான், சனம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தேன், வீட்டுக்குப் போய்க் குளியலறையைப் பூட்டிக்கொண்டேன், இந்த முறை ஒருவனையும் எழும்ப விடமாட்டேன், மேடை போனால் போகட்டும்...

டில்ஃபர்ட் கிழவர் இருந்திருந்தால் இப்போது எழும்பி நின்று பார்த்திருப்பார். அமெரிக்கர். தில்லைநாயகி வேலை செய்யும் ஏரிக்கரை ஹோட்டலுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார், முட்டை கொஞ்சம் கூட அவிந்தால் திருப்பி அனுப்புவார், மூன்று மனைவிகள், மூன்று பேரும் அவரைவிட நல்லவர்கள் என்று அவரே சொல்லுவார், செத்து மூன்று வருஷம். இரண்டு பேரும் கதைத்தது டொச்சில், ஜேர்மன் மொழியில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத டொச், அதனால் ஒருவர் பிழை மற்றவருக்குத் தெரியாது. நியூயோர்க்கில் ஐம்பதுகளில் நாடகம் நெறியாண்டவராம், இருபத்தாறு வயதில் நாடகத்துக்குப் பேர்போன பெரிய தெருவில் பெரிய அரங்கு, பத்திரிகைக்காரர் தலையில் தூக்கி வைத்தார்களாம். பிறகு ஒரு நாடகம், காசு போட்டவனின் பெண்சாதிக்கு அழுகிற முடிவு பிடிக்கவில்லை, கடைசிக் காட்சிக்கு முன்னம் திரையை இறக்கு என்று முதலாளி ஆள் அனுப்பினான். இந்த மனிதர் திரைக்கயிறு இருக்கிற அறையின் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாராம், இரண்டு தடியன்கள் தள்ளத் தள்ள நின்றாராம், காட்சி முடியுமட்டும். நாலாம் நாள் நாடகத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஒரு பெரிய அரங்கும் கூப்பிடவில்லை, சின்ன ஊர்கள், கோடைக் கூடாரங்கள், கடைசியில் கடல் தாண்டி வந்து இங்கே விடுதிப் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளுக்கு நத்தாருக்கு யேசு பிறக்கிற நாடகம், ஆட்டுக்குட்டி வேஷத்துக்குப் பஞ்சு ஒட்டினாராம், இருபத்திரண்டு வருஷம். என்னைத் தோற்கடிக்கவில்லை, வேலையைத்தான் பறித்தார்கள் என்று நாடியைத் தூக்கிக்கொண்டு சொல்லுவார். நாலு நாள், பெரிய வீரம் என்று அவள் மனதுக்குள் சிரித்ததும் உண்டு. ஒரு நாள் கோப்பி ஊற்றும்போது கேட்டாள், அந்தக் கடைசிக் காட்சி எப்படி இருந்தது? கிழவர் பாணுக்கு வெண்ணெய் பூசினார், நான்கு மூலைக்கும் பூசினார், ஏரியைப் பார்த்தார், இன்றைக்கு மூட்டம் என்றார். காது கேட்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டாள்...

பின்னால் கோப்பை மேசையில் வைக்கிற சத்தம். இனித்தான். வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல், வேலை முடிந்து வருகிறவன்போல ஒவ்வொரு நாளும் வருகிற புருஷன், தெரிந்துகொண்டும் ஒன்றும் கேட்காமல் சோறு போடுகிற பெண்சாதி, அவ்வளவுதான் காட்சி, ஒரு சொல் கிடையாது. பெண்சாதியாக வருகிற சரணியா, வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, அவள் செய்துவிடுவாள், புருஷனாக வருகிற அருட்செல்வன்தான்... ஆஸ்பத்திரிக் குசினியில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு மேடையில் மூன்று நிமிடம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை, மீசைக்குப் போகும் கை, காதுக்குப் போகும், நேற்றும் போனது, கையைக் கட்டிப்போடுவன் பார் என்று சொன்னாள், ஒத்திகையில் ஒரு தரமாவது சரியாக வந்ததில்லை. நித்தியானந்தன் ஒரு படி ஏறினான். அவள் இரண்டு பக்கமும் கைபிடியைப் பிடித்தாள். "ஏறும், என்னை மிதிச்சுக்கொண்டு ஏறும் பாப்பம்." "ஐயோ அக்கா, சனம் பாக்குது." பாக்கட்டும், பாக்கத்தானே வந்தது. அவன் நின்றான். பொன்னாடைச் சரிகை அவள் முழங்காலில் உரசியது. மண்டபத்தில் யாரோ இருமி, பாதியில் நிறுத்தினார்கள். பிறகு சத்தமே இல்லை. மச்சாள்மார் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், கலியாண வீட்டுக்குப் பிறகு முதல் தடவை. அப்வார்ட்டின் திறப்பு கிலுங்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவின் கால் நின்றுவிட்டது. வாய்கூடக் கொஞ்சம் திறந்திருக்கிறது. அத்தனை முகம், ஒரு அசைவு இல்லை, பத்தொன்பது வருஷத்தில் இந்தச் சனம் இப்படி இருந்து அவள் கண்டதில்லை, இருந்து பாருங்கோடா, எனக்கு மேடை இல்லையாம்...

வெளிச்சம் அணைந்தது. கைதட்டல் மெல்லத் தொடங்கிப் பெருத்தது. கைபிடியை விட முடியவில்லை, விரல் மரத்துப் போயிருந்தது. "நித்தி," என்றாள், "அருள் கையைத் தூக்கினவனோ?" இருட்டுக்குள் அவன் பொன்னாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். "நான் எங்க அக்கா நாடகத்தைப் பாத்தனான்? உங்களையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்." சனமும்? மச்சாள்மார் பார்த்த அந்த ஒரே பக்கம் மேடையா, படியா... ஸ்ரீஸ்கந்தராஜா வாயைப் பிளந்தது சரணியா போட்ட சோற்றுக்கா, பட்டுச்சேலையோடு படியில் குந்திக்கொண்டு சங்கச் செயலாளரை மறித்த கிழவிக்கா... யாரிடம் கேட்பது, கேட்டால் நல்லாயிருந்தது அக்கா என்பார்கள், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லுவார்கள். மேடையைக் காணாமல் கயிற்றறைக் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்ற மனிதரிடம் போய், காட்சி எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள், கையில் கோப்பிப் பாத்திரத்தோடு. நான்கு மூலைக்கும் வெண்ணெய் பூசினாரே... வெளிச்சம் திரும்ப வரப்போகிறது. அருட்செல்வன் இப்போது ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, எப்பிடி அக்கா எண்டு கேட்பான்.