தண்ணீர்த் தொட்டி மேல் இடதுகைக்காரன்

கடையின் முகப்புக் கண்ணாடி மூன்றாம் தடவையாக உடைந்த அன்றுதான் அவளுக்குப் பொறுமை அறுந்தது. மூக்குக்கண்ணாடி விற்கிற கடைக்கே கண்ணாடி இல்லையென்றால் எவன் படியேறுவான்? கல் நேராகப் பட்டறை மேசையில் வந்து விழுந்திருந்தது. ஒரு வாத்தியாருக்காக முதல் நாள் பூராவும் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்த வில்லைகள் இரண்டும் தூள். பெருக்கி அள்ளும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. எவனையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது.

கட்டடக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இந்த மாசத்தோட இதுக்கு ஒரு முடிவு கட்டும்மா. இல்லேன்னா கடையைக் காலி பண்ணிடு. இன்னிக்குக் கல்லு, நாளைக்குத் தீ வைப்பானுங்க. எரியப்போறது என் கட்டடம்."

"உங்க கட்டடம் மட்டுந்தான் எரியுமா? நாங்க என்ன அஸ்பெஸ்டாஸ்ல செஞ்ச ஆளுங்களா?" என்றாள். அவர் கண்ணாடித் தூளைத் தாண்டிப் போய்விட்டார்.

அண்ணன் மாடியில் இருந்தான். கல் விழுந்த சத்தத்துக்குக்கூட அவன் இறங்கி வரவில்லை. பட்டறையில் அவனுடைய நாற்காலி தூசி படிந்து கிடந்தது. பாதிக் கடை அவனுடையது, முக்கால்வாசி வேலையும் அவனுடையது. இப்போது திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இத்தனைக்கும் அவன் செய்த பாவம் இரண்டே இரண்டு. இடதுகைக்காரனாகப் பிறந்தான். நன்றாகத் துப்பாக்கி சுட்டான்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது, ஊரே கொண்டாடிய கட்சித் தலைவர் மைதானத்து மேடையில் செத்து விழுந்து. மாலை போடுகிற மாதிரி கிட்டத்தில் வந்து கைத்துப்பாக்கியால் சுட்டவனை அங்கேயே அமுக்கிப் பிடித்தார்கள். அவன் ஒப்புக்கொண்டான், சிறையிலேயே செத்தும் போனான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குண்டு ஒன்றல்ல இரண்டு என்றான் ஒருத்தன். இரண்டாவது குண்டு உயரத்திலிருந்து வந்தது என்றான் இன்னொருத்தன். மைதானத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறதே, அங்கிருந்துதான் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தார்கள். அந்தத் தொட்டியைக் கட்டியதே தலைவர் செத்த பிறகுதான். அதைச் சொன்னால், "அப்ப முன்னாடி இருந்த தொட்டியை எதுக்கு இடிச்சாங்க?" என்று கேட்கிறார்கள். இவர்களிடம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

இந்த நெருப்புக்கு விறகு போட்டவர் துப்பாக்கி கிளப்பின் செயலாளர். பீரங்கி என்பது கிளப்பில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். சத்தம்தான் பெரிசு, குறி ஒருநாளும் பட்டதில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமுவார்.

"அன்னிக்குக் காலையில கிளப் ரைஃபிள் ஒண்ணு வெளிய போச்சு. சாயங்காலம் திரும்பி வந்தப்ப குழல் சூடா இருந்துச்சு. எடுத்துட்டுப் போனவன் இடதுகைக்காரன். இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்பாரே தவிர, அடுத்த வாரம் கூடக் கொஞ்சம் சொல்வார். கிளப்பில் இருந்த ஒரே இடதுகைக்காரன் அண்ணன். அவனும் அதே மேசையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பான். அந்த மேசையில் யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்வதில்லை, அது அங்கே பழக்கம். கதைக்கு மேல் கதை போடுவதுதான் மரியாதை. அந்த மரியாதையில்தான் அண்ணன் ஒருநாள், "பார்த்துப் பேசு பீரங்கி, இன்னும் ஒரு குண்டு மிச்சம் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தான். ஆண்டு விழாவைப் படம் பிடிக்க வந்திருந்த சேனல்காரன் ஒருத்தன் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கு லட்சம் பேர் கையில் இருக்கிறது. சிரிப்பை வெட்டிவிட்டான் அந்தப் புண்ணியவான்.

தலைவர் செத்த அன்றைக்கு அண்ணன் பட்டறையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தவள் இவள்தான். கூடப் பிறந்தவள் சொல்கிற சாட்சி எந்த ஊரில் எடுபடும்?

அவள் மாடியேறிப் போனாள்.

"நான் கிளப்புக்குப் போறேன். பீரங்கி முன்னால தோட்டா வைக்கப்போறேன்."

அண்ணன் திரும்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. "வேணாம். நீ ரைஃபிளைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு? தவறிப்போச்சுன்னா இதைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது. அவன் அதையும் சேர்த்துக் கதையாக்குவான்."

"நீ வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து என்னத்தைக் கிழிச்ச? எனக்கு நீ கீழ வந்து அந்த நாற்காலியில உட்காரணும். அவ்வளவுதான்."

தோட்டா வைப்பது கிளப்பில் பழைய வழக்கம். ஒருவன் கதை தாங்க முடியாத பொய்யென்றால், ஒரு காலித் தோட்டாவை அவன் முன்னால் மேசையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வைத்தவர் ஐம்பது மீட்டரில் ஒரு சோடா மூடியை ஒரே குண்டில் அடிக்க வேண்டும். பட்டால், கதை சொன்னவன் எழுந்து நின்று பொய்யென்று ஒப்புக்கொள்வான். தவறினால் வைத்தவர் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அண்ணனோடு போய் அவளும் உறுப்பினராகிக் கொஞ்ச காலம் சுட்டிருக்கிறாள். அதனால் அவளைத் தடுக்க விதி இல்லை.

போகிறபோது சேனல்காரனுக்கும் போன் போட்டாள். பீரங்கி தன் வாயால் பொய்யென்று சொல்வதை ஊர் பார்க்க வேண்டாமா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

நீள மேசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைப்பக்கத்தில் கிளப் தலைவரான வக்கீல். பீரங்கி தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் போய்க் காலித் தோட்டாவை அவர் கோப்பைக்குப் பக்கத்தில் டக்கென்று நிறுத்தினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது? கண்ணாடி விக்கிறவங்களுக்கு இதெல்லாம் வெளையாட்டா போச்சா?" என்றார் பீரங்கி.

"பொய் சொல்றவங்களுக்கும் பொருந்தச் சொல்லத் தெரியணும். ரைஃபிள் வெளிய போகல. எங்க அண்ணன் கடையில இருந்தான். உங்க வாயால அவன் சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, தெருவுல நடக்க முடியல. எழுந்திரிங்க."

"தங்கச்சி, கோபத்துல கை நடுங்கும். போய்த் தண்ணி குடி."

"தங்கச்சின்னு கூப்பிட்ட, பல்லு இருக்காது."

வக்கீல் இருமினார். "தோட்டா வச்சாச்சு. வழக்கம் வழக்கம்தான்" என்றார். சேனல்காரன் கேமராவைத் தோளில் ஏற்றினான்.

சுடுதளத்தில் பாய் விரித்தார்கள். தூரத்தில் ஒரு குச்சியின் தலையில் சோடா மூடியைக் குத்தி வைத்தார்கள். அவள் குப்புறப் படுத்து ரைஃபிளை வலத் தோளில் அணைத்தாள். வலக் கண்ணால் பார்த்தாள். மூடியைக் காணோம், பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைதான் தெரிந்தது. அந்தக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள், அவசரத்தில் தன் கண்ணை மறந்துபோனாள்.

"என்ன, தூங்கியாச்சா?" என்றார் பீரங்கி. நாலு பேர் சிரித்தார்கள்.

அவளும் அண்ணன் மாதிரிப் பிறவி இடதுகைக்காரிதான். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். அது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அண்ணன் திரை மூடிய அறையில் உட்கார்ந்திருப்பது மனதில் வந்தது. வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. ரைஃபிளை இடத் தோளுக்கு மாற்றினாள். இடக் கண்ணில் மூடி துல்லியமாகத் தெரிந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினாள்.

மூடி பறந்தது.

ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. எழுந்து ஆடையைத் தட்டிக்கொண்டு திரும்பினால், எல்லார் கண்ணும் அவள் இடத் தோளில் இருந்தது. மூடியைப் பார்த்தவன் ஒருத்தனும் இல்லை. அது ஏன் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"சொல்லுங்க" என்றாள் பீரங்கியைப் பார்த்து.

அவர் எழுந்தார். "நான் சொன்னது பொய்" என்று முனகினார்.

"கேமராவுக்குக் கேக்கல. சத்தமா."

"நான் சொன்னது பொய்! ரைஃபிள் எதுவும் வெளிய போகல. நானா கட்டின கதை." சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கழுவுற மீனில் நழுவுற மீன் அவர். கேமராவை நேராகப் பார்த்தார், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். "இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மிரட்டி வாங்கின வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சேனல்காரன் கேமராவை இறக்கும்போது அவனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "ரொம்ப நன்றிக்கா" என்றான்.

மறுநாள் காலையில் ஊர் பூராவும் ஒரே வீடியோ. பீரங்கி வியர்வையைத் துடைக்கிறார், அதைப் 'பயம்' என்று எழுதிக் காட்டுகிறார்கள். அவள் ரைஃபிளை வலத் தோளிலிருந்து இடத் தோளுக்கு மாற்றுவதை மெதுவாக, மறுபடி மெதுவாக ஓட்டுகிறார்கள். இத்தனை நாள் இடதுகைக்காரன் என்று தேடினோமே, இடதுகைக்காரி என்று ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று சேனல்காரன் தொண்டை கிழியக் கேட்கிறான். அன்றைக்கு அண்ணனோடு கடையில் இருந்ததாக இவள்தானே சொல்கிறாள், இவள் இருந்ததற்கு யார் சாட்சி என்கிறான். படுபாவி, கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டான்.

கடையைத் திறக்கிற நேரத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்ணாடி இல்லாத முகப்பு வழியாக எல்லா முகமும் தெரிந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலரும் நின்றார்கள், அவள் போட்டுக்கொடுத்த கண்ணாடி வழியாகவே அவளை முறைத்துக்கொண்டு.

"கொலைகாரி! வெளிய வாடி!"

முதல் கல் அவள் காதோரம் போய் அலமாரியில் மோதியது. இரண்டாவது கல்லுக்கு ஒருத்தன் கை ஓங்கும்போது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கி வந்தான். தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்து, முகப்புக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். தூசி படிந்த அந்த நாற்காலியைப் குதிகாலால் அவள் பக்கம் தள்ளினான்.

"உட்காரு" என்றான்.

"அண்ணா, நீ உள்ள போ."

அவன் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து இடக்கையை உயர்த்தினான். எத்தனையோ வருஷமாகச் சிரித்துச் சிரித்து மறுத்தவன், பிறகு அதையும் விட்டுவிட்டு ஊமையாக இருந்தவன், தெருமுனை வரை கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"அவளை விடுங்கடா! தொட்டி மேல நின்னது நான்தான்! நான்தான் சுட்டேன்! போதுமா?"

கல்லை ஓங்கியவன் கையை இறக்கினான். பிறகு போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. சேனல்காரன் ஆட்களை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

அவள் பாய்ந்து போய் அண்ணனுடைய உயர்ந்த கையைப் பிடித்து இழுத்தாள். "பொய்! பொய் சொல்றான்! அன்னிக்கு அந்தத் தொட்டியே இல்லடா, பாவிங்களா!" என்று அலறினாள். ஒருத்தனும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் அண்ணனைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.