மருமகளின் கழுத்துப் பட்டை

டாக்டரம்மாவுக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. காடும் மேடும் அலைந்து பழகிய கால்கள், ஓர் இடத்தில் இரு என்றால் இருந்துவிடுமா? விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்த துணியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கணக்கு வாத்தியாரான அவள் கணவர் அதை எடுத்து வெளியே போட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பதையாவது அவர் கற்றிருந்தார்.

டாக்டர் என்றால் நமக்கு ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கழுதைப்புலிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். இது புரியாத எதிர்வீட்டுக்காரி இன்றைக்கும் இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறாள். சொந்தக்காரர்களுக்குப் புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. "படிச்சதுதான் படிச்சே, ஒரு புலி, ஒரு யானைன்னு பாக்கக் கூடாதா? செத்ததைத் தின்னுற கழுதைப்புலிதானா உனக்குக் கிடைச்சுது?" என்று நாத்தனார் ஒருத்தி நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டாள்.

இப்போது அவளைப் படுத்திக்கொண்டிருந்ததும் ஒரு கழுதைப்புலிதான். ஜீப் ஓட்டுகிறவர் அதற்கு மருமகள் என்று பெயர் வைத்திருந்தார். சத்தமில்லாமல் வரும், எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்கும், யாருக்கும் முகம் கொடுக்காமல் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அதன் கழுத்தில் டாக்டரம்மா மாட்டிய பட்டை ஒன்று இருந்தது. அது எங்கே திரிகிறது, எங்கே படுக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பட்டை செயற்கைக்கோள் வழியாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அவளுடைய ஆராய்ச்சிக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். மற்ற பட்டைகளெல்லாம் பேட்டரி தீர்ந்து காலமாகிவிட்டன.

வளர்கிற விலங்குக்குப் பட்டை மாட்டக் கூடாது. கழுத்து பருக்கும், பட்டை பருக்காது. வயதைப் பல்லைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். மருமகளை மயக்கிக் கிடத்திய அன்று டாக்டரம்மாதான் அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். பற்கள் நன்றாகத் தேய்ந்திருந்தன. வளர்ந்து முடிந்த விலங்குதான், பயமில்லை என்று பட்டையை மாட்டிவிட்டாள். ஊர்க்கோடியில் இறைச்சிக் கடைக்காரர்கள் எலும்பு கொட்டும் மேட்டிலேயே அது தின்று வளர்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து எலும்பைக் கடித்தால் இளம்பல்லும் கிழட்டுப் பல்லாகத்தான் இருக்கும். அன்று அது வளர்த்தி முடியாத பெண்.

குறித்த காலத்தில் தானே திறந்து பட்டையைக் கழற்றிவிட வேண்டிய பூட்டும் மக்கர் பண்ணிவிட்டது. போன மாதம் காட்டில் கட்டியிருந்த கேமராவில் விழுந்த படத்தில் பட்டை தோலுக்குள் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மூச்சடைத்துச் செத்துப்போகும். கொன்றது யார் என்று தேட வேண்டியிருக்காது.

அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கூண்டு வைத்தாள், இடம் மாற்றி மாற்றி வைத்தாள், கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். மருமகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியில், பட்டை இதுவரை அனுப்பிய புள்ளிகளையெல்லாம் கணினியில் பரப்பிப் பார்த்தாள். அவளோடு வேலை பார்க்கிற மற்றவர்கள் மட்டும் காட்டுக்குப் போன நாட்களில் மருமகள் வழக்கமான இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போன நாட்களில் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியிருந்தது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

மயக்க மருந்து உடம்பைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது, மூக்கைக் கட்டிப்போடவில்லை போலும். வாயைப் பிளந்தவளின் வாடையை அது மறக்கவில்லை. பெற்ற மகளின் பள்ளிக்கூட விழாக்களுக்குக்கூடப் போகாமல் எதன் பின்னால் அலைந்தாளோ, அதற்கு இந்த உலகத்திலேயே ஆகாதவள் அவள்தான். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, "நான் வரலை. என் கை பட்டது எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க, கூண்டுகூட வேற கூண்டா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான், நடந்துகொண்டே இருக்கிறாள்.

"கொஞ்சம் உக்காரும்மா. நீ நடந்தா அது கூண்டுல விழுந்துடுமா?" என்றார் வாத்தியார், பொறுக்கமாட்டாமல்.

"உக்காந்தா விழுந்துடுமா?"

அவர் தன் நாற்காலியை ஓரமாக நகர்த்தி அவளுக்கு வழிவிட்டார்.

கைப்பேசி அடித்தது. கால்நடை மருத்துவர்தான்.

"அம்மா, மாட்டிடுச்சு. மயக்க ஊசி போட்டாச்சு. மூச்சு சீரா இருக்கு."

"பட்டை?"

"வெட்டி எடுத்துட்டேன். கீழ்ப்பக்கம் ஒரு இடத்துல புண்ணு. மருந்து வச்சிருக்கேன், ஆறிடும். பொழைச்சுக்கும்மா."

டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். வாத்தியார் பதறிப்போய் எழுந்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

"அம்மா, இருக்கீங்களா? இன்னொரு விஷயம். ஆய்வு நிலையத்துல இருந்து புதுப் பட்டை ஒண்ணு குடுத்தனுப்பியிருக்காங்க. காதுக்குக் கிட்டத்துல, மேலே தள்ளி மாட்டினா புண்ணுல படாது. இப்ப முழுசா வளர்ந்துடுச்சு, இனிமே இறுகாது. மாட்டலைன்னா ஆராய்ச்சி இத்தோட நின்னுடும்னு சொல்லச் சொன்னாங்க. முடிவு உங்க கையிலயாம். சீக்கிரம் சொல்லுங்க, மயக்கம் தெளியுது, காது அசையுது."

அவளுக்கு ஆசையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்ப ஆசையாக இருந்தது. மருமகள் குட்டி போடுகிற பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டிகளை அது எந்தக் குகைக்குக் கொண்டுபோகும், எப்போது வெளியே கூட்டிவரும் என்று பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். இனி இறுகாது என்று மருத்துவர் சொல்வதும் நியாயந்தான். மாட்டுங்கள் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம்" என்றாள்.

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சா மாட்டச் சொல்லிடுவேன். வேண்டாம். கூண்டைத் திறந்து வச்சுட்டு எல்லாரும் தள்ளி வந்துடுங்க."

மறுமுனையில் காலடிகள் கேட்டன. கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டே கூடத்தைப் பலமுறை சுற்றி வந்தாள். அப்புறம் மருத்துவர் ரகசியக் குரலில் சொன்னார்: "எழுந்துடுச்சு. தள்ளாடுது. நின்னுடுச்சு. போகுதும்மா."

"எந்தப் பக்கம்?"

பழக்க தோஷம், கேட்டுவிட்டாள்.

"புதருக்குள்ள நுழைஞ்சிடுச்சு. இனிமே தெரியலை."

கைப்பேசியை வைத்தாள். வாத்தியாருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மெதுவாகக் கேட்டார்: "இனிமே அது இருக்கா, இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"நான் காட்டுக்குள்ள எங்க போனாலும் என் வாடைக்கு அங்க அது இருக்காது. அது என் கண்ணுல படாத வரைக்கும் உயிரோட இருக்குன்னு நினைச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.