களா வேலியும் நாற்பது பூந்தொட்டிகளும்

மருத்துவமனைத் தோட்டக்காரிக்கு அன்று அரிவாளைத் தொடவே கை வரவில்லை. முன்பக்கம் இடுப்புயரம் நின்ற களாச்செடி வேலி, அவளே விதை போட்டு ஐந்து வருடம் வளர்த்தது. முள்ளும் உண்டு, பல்லைக் கூசவைக்கும் புளிப்புப் பழமும் உண்டு.

"நாளைக்குப் பெரிய டாக்டரம்மா ஆய்வுக்கு வர்றாங்க. இந்த முள்ளுப்புதரை வேரோட பிடுங்கு. வாடகைக்கு நாற்பது பூந்தொட்டி வருது" என்றார் மேலாளர்.

"சார், ஆடு மாடு உள்ள வராம காக்குறதே இதுதான். நோயாளிங்களும் பழம் பறிச்சுத் தின்னுறாங்க."

"வேலை வேணுமா, புதர் வேணுமா?"

வீட்டில் அவள் கையை நம்பி மூன்று வயிறு. என்ன செய்வாள், பாவம்! அழுதுகொண்டே வெட்டினாள். வேரில் மட்டும் கை வைக்கவில்லை; மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். பக்கவாட்டில் இருந்த களா வேலிக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. மேலாளர் பல்லெல்லாம் தெரிய ஓடினார். அடக் கடவுளே! வாசலில் ஏழு ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. நாற்பது தொட்டியிலும் குச்சிதான் மிச்சம். ஒரு கிடா, மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றது வேறு.

"இவதான் மேடம் வேலியை வெட்டினா!" என்று கையை நீட்டினார் மேலாளர்.

வேலை போனால் போகட்டும் என்று தோட்டக்காரி வாயைத் திறந்தாள். "ஆமாம்மா, நான்தான் வெட்டுனேன். உங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்னு சார் சொன்னாரு. பயந்து வெட்டுனது என் தப்பு. பக்கத்து வேலியைப் பாருங்க, அந்த வழியா ஒரு ஆடு நுழைஞ்சிருக்கா?"

டாக்டரம்மா அங்கே போய் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, சிரித்தும்விட்டார். பிறகு மேலாளரிடம் திரும்பினார். "அஞ்சு வருஷக் காவலை, நான் அஞ்சு நிமிஷம் பார்க்கிறதுக்காக வெட்டச் சொன்னீங்களா? நோயாளிங்க நல்லா இருக்காங்களான்னு பார்க்கத்தான் நான் வர்றேன், வேஷம் பார்க்க இல்ல."

மேலாளர் தலை தொங்கியது. "புத்தி வந்துச்சு மேடம். ஆனா போனது போச்சே..."

"எங்க சார் போச்சு?" தோட்டக்காரி காலால் மண்ணை விலக்கினாள். தூர்கள் வரிசையாக இருந்தன. "வேரைப் பிடுங்கச் சொன்னீங்க. அது ஒண்ணை மட்டும் நான் கேக்கல."

மழை பெய்ததும் தூரெல்லாம் துளிர்த்தது. இப்போது ஆய்வுக்கு யார் வந்தாலும் மேலாளர் முதலில் காட்டுவது அந்த வேலியைத்தான். "வந்து பார்க்கிறவங்களுக்காக ஜோடிக்கக் கூடாது, தினமும் இருக்கிறவங்களுக்காக உழைக்கணும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது இந்தத் தோட்டக்காரம்மா" என்பார். தோட்டக்காரி பக்கத்தில் நிமிர்ந்து நிற்பாள், மடி நிறையப் பழத்தோடு.