கூட இருந்தவர் கையெழுத்து

நான் வேலை முடிந்து வரும் நேரத்தில்தான் அக்கா மகள் பள்ளிக்குக் கிளம்புவாள். குளிர்பதனக் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவனுக்குக் காலை ஏழு மணி என்பது நாளின் கடைசி. ஒரே மேசையில் அவள் காலைச் சாப்பாடும் நான் ராச்சாப்பாடும் சாப்பிடுவோம். ஏழாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

அன்று தட்டைத் தள்ளிவிட்டு ஒரு தாளை என் முன்னால் போட்டாள்.

"மாமா, தமிழ் சார் நினைவுக் குறிப்பு எழுதக் கத்துத் தர்றார். மொதல்ல வீட்ல ஒருத்தர்கிட்ட அவங்களுக்கு நடந்தத கேட்டு எழுதணும். அப்புறம்தான் நம்மளோடது."

"உங்கம்மாகிட்ட கேளேன்."

"கேட்டேன். கல்யாணத்துல ஆரம்பிச்சாங்க. அழுதுடுவாங்க போல இருந்துச்சு, ஓடி வந்துட்டேன்."

"காது கேக்குதுடி எனக்கு" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

தாளின் அடியில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே 'கூட இருந்தவர் கையெழுத்து.'

"இது எதுக்கு?"

"நடந்தப்ப கூட இருந்த ஒருத்தர் படிச்சுப் பாத்துட்டு, ஆமா, இப்படித்தான் நடந்துச்சுன்னு கையெழுத்துப் போடணும். போன வருஷம் எட்டுப் பேரு நாய்க்குட்டி செத்துப்போச்சுன்னு எழுதினாங்களாம். ஒருத்தர் வீட்லயும் நாயே இல்ல."

சிரித்துவிட்டேன். நல்ல விதிதான். வைத்தவன் யார் என்பதை நினைத்துத்தான் அதிகம் சிரிப்பு வந்தது. அவள் தமிழ் சார் என்னோடு பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். ஒரு நாளும் ஸ்கேல் கொண்டுவராமல் என்னுடையதையே பிடுங்கிக்கொள்வதால் அவனுக்கு ஸ்கேல் என்றே பெயர். இந்தப் பள்ளிக்கு அவன் மாற்றலாகி வந்ததும் அக்கா சொன்னாள், "உன் கூடப் படிச்சவன்தான். எங்க இருக்கான் பாரு." நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"நீ ஏன் மாமா பத்தாவதோட நின்ன?" என்றாள் வாலு. "அதச் சொல்லு, எழுதறேன்."

பிட் அடித்து மாட்டினேன் என்பதுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பதினாறு வருடமாக நான் அதை மறுக்கவில்லை. மறுத்தால் நம்பக்கூடிய ஆள் யாரும் அதுவரை வீட்டில் இல்லை. இவள் நம்புவாள் என்று தோன்றியது. அதனால் சொன்னேன்.

கணக்குப் பரீட்சை. மேற்பார்வை பார்த்த சார் எங்கள் வரிசைக்கு வந்தபோது, பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்த பிட்டை என் காலடியில் போட்டான். சார் குனிந்து எடுத்தார். "யாருது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தியாகம் எல்லாம் இல்லை. அவன் எழுந்து நிற்பான் என்று காத்திருந்தேன். அவன் விடைத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான், என் ஸ்கேலால். இரண்டு வருடம் பரீட்சை எழுதக்கூடாது என்றார்கள். நான் வேலைக்குப் போனேன்.

வாலு எழுதினாள். மூன்று காலை ஆனது. முதலில் 'என் மாமாவின் இதயம் நொறுங்கியது' என்று எழுதியிருந்தாள்.

"நொறுங்கினத நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப அத அடிச்சிடு. கண்ணால பாத்தது, காதால கேட்டது மட்டும் எழுது."

"சாரும் இதேதான் சொல்றார்!"

அடித்தாள். எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது, ஒரு வார்த்தை கூட மிகை இல்லை. அதைப் படித்ததில் எனக்கு நடந்தது எனக்கே முதல்முறையாக நடந்த மாதிரி இருந்தது. நண்பன் என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

"கையெழுத்து யாருகிட்ட மாமா வாங்கறது?"

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். "உங்க சார்கிட்டயே வாங்கு" என்றேன். "அவர்தான் கூட இருந்தார்."

அவள் வாயைப் பிளந்தாள். "சாரா? பிட்டப் போட்ட அந்தப் பையனா?"

"கூட இருந்தாருன்னுதான் சொன்னேன்."

நான்கு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தாளை எடுத்து வைத்தாள். கோட்டுக்குக் கீழே காலியாக இருந்தது.

"சார் அந்த ஹால்லயே இல்லையாம் மாமா. வேற ரூமாம். ராத்திரி முழிச்சு வேலை பாக்கறவங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் கலங்கிடும்னு சொன்னார். திட்டல. நல்லவிதமாத்தான் சொன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் தூங்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவன் வந்து நின்றான். தொப்பை போட்டிருந்தான். கையில் விடைத்தாள் கட்டு.

"டேய், எப்படிடா இருக்க?" என்றான்.

"நீ அந்த ஹால்ல இல்லையா?"

கட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "பசங்க முன்னாடி நான் என்னடா சொல்றது? இந்த வேலைக்கு நாய் படாத பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"ஊருக்குச் சொல்ல வேணாம். தலைமையாசிரியருக்கும் சொல்ல வேணாம். அவ ஒருத்திகிட்ட சொல்லு. மாமா சொன்னது நிஜம்னு. அவ்வளவுதான்."

"குழந்தைடா அது. வெளிய போய்ச் சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டா."

குழாயில் ஒரு பையன் தண்ணீர் குடித்து முடித்துப் போகும்வரை கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் தோளில் கை வைத்தான். "சரி. நானே கூப்பிட்டுப் பேசறேன். தப்புதான்டா. அன்னிக்கு எந்திரிச்சு நின்னிருக்கணும்."

பதினாறு வருடத்தில் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து செத்த பிணம் மாதிரித் தூங்கினேன்.

மறுநாள் காலை நான் செருப்பைக் கழற்றும்போதே வாலு வந்து பக்கத்தில் நின்றாள். அப்படி நிற்கிற பெண் இல்லை அவள்.

"சார் கூப்பிட்டுப் பேசினார் மாமா."

"என்ன சொன்னார்?"

"நீ வந்து அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியாம். பழைய கோவத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு. உங்க மாமா பெரிய மனசுக்காரர், இத வச்சு அவர எதுவும் கேக்காதேன்னார்." என் கையைப் பிடித்தாள். "நான் கேக்கல மாமா. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு பிட் அடிக்கறாங்க. அது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல."

அக்கா தோசைக்கரண்டியோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

"நான் மன்னிப்புக் கேக்கல வாலு."

"சரி மாமா" என்றாள். பைத்தியத்தோடு வாதாடாதே என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, அவ்வளவு பதமாக.

அடுத்த வாரம் அவளுடைய சொந்த நினைவுக் குறிப்பு. இந்தமுறை என்னிடம் உதவி கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள். ஒரு மாமா தன் அக்கா மகளுக்கு மூன்று காலையாக ஒரு கதை சொல்கிறார். அவள் நம்புகிறாள். பிறகு, அவர் மன்னிப்புக் கேட்டதை சார் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகும் அவருக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள். இதயம் எங்கேயும் நொறுங்கவில்லை. என் சட்டையில் கிடங்கின் அட்டைப்பெட்டி வாசனை அடிப்பதைக்கூட எழுதியிருந்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது. அடிக்க ஒரு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடு மாமா. நீதான் கூட இருந்த."

"இது போட மாட்டேன்."

"ஏன்? பாக்காதது, கேக்காதது எதையாவது எழுதியிருக்கேனா?"

"இல்ல."

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"பரவால்ல. சார்கிட்டயே வாங்கிக்கறேன். நீ மன்னிப்புக் கேட்டப்ப அவர் இருந்தாரே."

படியிறங்கிப் போனாள். இதில் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.