லேபிலில் இருந்த சின்னத்தம்பி

சந்தனசாமி முதலாளி விற்ற 'சர்வசக்தி டானிக்' புட்டியில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் எலும்பும் தோலுமாக ஒருவன். கீழே 'குடிப்பதற்கு முன்'. மற்றதில் அதே ஆள் கொழுகொழுவென்று சிரிப்பான். கீழே 'குடித்த பின்'. இரண்டுமே சின்னத்தம்பிதான். ஆனால் அவன் அந்த டானிக்கை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. கொழுத்த படம், ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் எடுத்தது. பிறகு விலை விழுந்து, அவன் பால்மரம் சீவிய தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை போய், அவன் குடும்பம் மரவள்ளிக்கிழங்கே கதியென்று கிடந்தபோது எடுத்தது ஒல்லிப் படம். முதலாளி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். மலாயாவின் சிகாமட் வட்டாரம் முழுக்க டானிக் பறந்தது.

படங்களுக்குக் கீழே 'ஆண், பெண், குழந்தைகள் யாவரையும் கொழுக்க வைக்கும்' என்றும் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தார். எழுதக் கையா வலிக்கிறது?

அந்தச் சமயம் பார்த்துப் புதுச் சட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. மருந்துப் புட்டியில் எழுதியிருப்பது மெய்தானா என்று பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். மகா நேர்மையானவர், அதாவது சிரிக்கவே தெரியாதவர். மருந்தை அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லேபிலில் இருக்கும் ஆளை நிறுத்து. அடுத்த முறை வரும்போது 'குடித்த பின்' படமும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் கடைக்குப் பூட்டு" என்று தம்மோடு வந்த குமாஸ்தாவான கிராணியை விட்டுத் தமிழில் சொல்லவைத்து, ரயிலேறிவிட்டார்.

முதலாளி தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு ஓடிப்போய்ச் சின்னத்தம்பியைக் கையோடு கூட்டி வந்தார்.

"டானிக்கைக் குடிக்கட்டுங்களா, மொதலாளி?" என்று கேட்டான் அவன்.

"அந்த எழவையா? உடம்பு கெட்டுடப் போவுது. நீ சோத்தைத் தின்னுடா."

முதலாளியின் மனைவி லூசியம்மாள் தினமும் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் மெர்சிங் கடல்மீனுமாக ஆக்கிப் போட்டாள். முதல் நாளே சின்னத்தம்பி ஒரு கறித்துண்டை வாழை இலையில் மடித்து இடுப்பில் செருகினான். லூசியம்மாள் கண்ணுக்கு எது தப்பும்?

"இங்க உக்காந்து தின்னுப்பா. வீட்டுக்கெல்லாம் கட்டக்கூடாது. படத்துல உன் பொண்டாட்டி இல்லல்ல?"

அன்று முதல் வெறுங்கையோடுதான் லயத்துக்குத் திரும்பினான். அவன் மனைவி கிருஷ்ணம்மா மரவள்ளிக்கிழங்கைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருப்பாள். கடைக்குட்டி அவன் வலக்கையை இழுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டு தூங்கும். கையில் கறி வாசம். அவனுக்கு அழுகை முட்டும். அழுதால் இளைத்துவிடுவோமோ, இளைத்தால் முதலாளி தொலைத்துவிடுவாரோ என்று அடக்கிக்கொள்வான்.

மழை பிடித்து ஆறு பெருகியது. ரயில் நின்றது. துரை வரவில்லை. சோறு மட்டும் நிற்காததால் சின்னத்தம்பி படத்தையும் தாண்டிப் பெருத்துவிட்டான். முதலாளி தலையில் கைவைத்தார். காலையில் அவனைக் கடையைச் சுற்றி ஓடவிடுவார், மத்தியானம் மறுபடி தின்னவைப்பார், சாயங்காலம் புட்டியைப் பக்கத்தில் பிடித்துக் கன்னம் சரியா என்று பார்ப்பார்.

கடைசியில் துரை வந்தார். நாடா வைத்துச் சின்னத்தம்பியின் கன்னத்தை அளந்தார், படத்தின் கன்னத்தையும் அளந்தார். திருப்திதான்.

"இந்த மருந்தால்தானா?" என்று கிராணியை விட்டுக் கேட்டார்.

சின்னத்தம்பி யோசித்தான். ஆமாம் என்றால் வேலை முடிந்தது, நாளைக்கு மரவள்ளிக்கிழங்கு. இல்லை என்றால் கடைக்குப் பூட்டு, நாளைக்கும் மரவள்ளிக்கிழங்கு. இத்தனை நாளும் வாசலில் நின்று முதலாளி லேபிலில் இருந்ததையெல்லாம் கூவி விற்றது காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது?

"ஆம்பளை நான் பெருத்துட்டேங்க, தொரை," என்றான் பணிவாக. "ஆனா லேபில்ல பொம்பளை, புள்ளைங்கன்னும் போட்டிருக்குங்களே. அதையும் பார்க்க வேணாங்களா?"

கிராணி அதைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிலைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சட்டம் சட்டந்தான் என்று துரை தீர்ப்புச் சொன்னார்: இவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொழுக்க வைத்துக் காட்ட வேண்டும், திரும்ப வருவேன்.

மறுநாள் மத்தியானம் லூசியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக இலை போட்டாள். கிருஷ்ணம்மா சோற்றில் கை வைக்கத் தயங்கினாள்.

"நாங்க பெருத்துட்டா அப்புறம் என்னாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"அவசரப்படாதே. மெதுவாப் பெருக்கலாம்," என்றான் சின்னத்தம்பி.

தின்ற களைப்பில் கடைக்குட்டி இலைக்குப் பக்கத்திலேயே சுருண்டு தூங்கிப்போயிற்று. மூக்கருகில் இன்று அதன் சொந்தக் கை இருந்தது.