போர்ட்லாந்து, மெயின்

அமெரிக்காக்காரர்களுக்கு ஊர்ப் பெயரைச் சும்மா சொல்ல வராது. பின்னால் ஒரு வால் வேண்டும். பாரிஸ் என்றால் போதாது, பாரிஸ், பிரான்ஸ். டாலஸ் என்றால் போதாது, டாலஸ், டெக்சஸ். கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் பதினாறு வருஷமாக குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. காலடிப்பேட்டைக்குப் போகிறவன் 'காலடிப்பேட்டை, தமிழ்நாடு' என்று சொல்லியா ஷேர் ஆட்டோவில் ஏறுகிறான்? டீக்கடையில் இதை நான் மூக்கால் பேசி நடித்துக் காட்டுவேன். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் செல்வநாதன்.

அவர் ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எண்ணெய்க் கப்பலில் சேர்த்துவிட்டது நான்தான். இந்த முறை அவர் கிளம்பும்போது வீட்டில் பெரிய சண்டை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே எதற்குக் கப்பலேற வேண்டும் என்று அவர் மனைவி ஃப்ளோரா அக்கா கத்தினார். அவர் கேட்கவில்லை. அக்கா வாசலுக்கு வந்து வழியனுப்பக்கூட இல்லை. அதற்கப்புறம் இரண்டு மாதமாக அவர் பேசினால் அக்கா போனை மகள் சில்வியாவிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு நர்ஸ். செல்வநாதனுக்கு மாரடைப்பு, கப்பலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நினைவு இருக்கிறது, பேசுகிறார், ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, மனைவியைச் சீக்கிரம் பேசச் சொல்லுங்கள் என்றாள். அவருடைய செல்போன் கப்பலோடு போய்விட்டதாம், கையிலிருந்த காகிதத்தில் எங்கள் ஆபீஸ் நம்பர் மட்டும்தான் இருந்ததாம். வீட்டு நம்பர் மனப்பாடமாக இல்லையாம். யாருக்குத்தான் இருக்கிறது? எந்த ஊர் என்று கேட்டேன்.

"போர்ட்லாந்து, மெயின்."

மெயின் ரோடு, மெயின் கேட், மெயின் ஆபீஸ் என்று பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய காது என்னுடையது. போர்ட்லாந்தில் இருக்கிற மெயின் ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொண்டேன். நம்பரை இமெயிலில் அனுப்புகிறேன் என்றாள். ஆபீஸ் இமெயிலைத் திறக்கிறவர் மேனேஜர் மஹீன் ஒருவர்தான். அவர் கல்யாணத்துக்காகக் கீழக்கரை போயிருந்தார், போனை அணைத்துவிட்டு. இப்போதே நம்பரைச் சொல்லம்மா என்று நான் கேட்டிருக்கலாம், அக்கா நம்பரையாவது கொடுத்திருக்கலாம். நெட்டில் இல்லாத நம்பரா என்ற திமிர்.

ஃப்ளோரா அக்கா வீட்டுக்கு ஓடினேன். என் போனில் தேடியதும் போர்ட்லாந்து வந்து நின்றது, அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆறும் பாலங்களுமாகப் பெரிய ஊர். அங்கேயிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். அப்படி ஒரு பெயரில் நோயாளி இல்லை என்றார்கள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் அடுத்தடுத்த ஆஸ்பத்திரிகள். அக்கா பூசைக்குக்கூடப் போகாமல் ஜெபமாலையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை மணி போகும்போதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசத் தயாரானார்.

"ஒரே ஒரு வார்த்தை தமீமு. எனக்குக் கோவம் இல்லன்னு அவராண்ட சொல்லணும். அவ்ளோதான்."

தன் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சில்வியா மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், போர்ட்லாந்து ரெண்டு காட்டுது. இன்னொண்ணு அந்தாண்ட கடைசில கீது. எம் இ-ன்னு போட்டுகீது."

"நர்ஸே மெயின்னு சொல்லிகீறா. பெரிய ஊரு எதுவோ அதான் மெயினு. அத்தினூண்டு ஊருக்கு எவன் எண்ணெய்க் கப்பல வுடுவான்? நீ சும்மா இரும்மா."

அவள் வரைபடத்தை மூடினாள். பெரியவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மஹீன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். இரண்டு நாளாக நர்ஸின் கடிதம் அதில் இருந்திருக்கிறது. நான் எங்கெல்லாம் போன் போட்டேன் என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மெயின் என்பது ஒரு மாநிலத்தின் பெயர், சுருக்கினால் எம் இ. கிழக்குக் கரை. அந்த நாட்டில் குடியேறப் போனவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே போன இடத்துக்கெல்லாம் வைத்தார்கள், ஒரே பெயரில் பத்து ஊர் இருக்கும், மாநிலத்தைச் சொல்லாவிட்டால் கடுதாசிகூடப் போய்ச் சேராது என்றார். பதினாறு வருஷம் நான் வால் என்று கிண்டல் பண்ணியது வால் இல்லை. அதுதான் விலாசம்.

போன் போட்டேன். அதே நர்ஸ் எடுத்தாள். ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் இறந்துவிட்டார் என்றாள்.

அவளே தொடர்ந்து சொன்னாள். மனைவி பேசுவார் என்று சொன்னதிலிருந்து கட்டிலோரத்து போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாராம். மணிச் சத்தத்தைக் கூட்டிவைக்கச் சொன்னாராம். ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தாராம். அவளாகத் தேடிப் பார்க்கலாமென்று இந்தியாவில் எந்த மாநிலம் என்று கேட்டதற்கு, ராயபுரம் என்றால் ராயபுரம்தான் என்றாராம். நான் சொல்லிச் சிரித்த அதே பேச்சு.

சில்வியாவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தை மட்டும் சொல்லி, அவள் கேட்டதால் நம்பரையும் கொடுத்தேன். அக்காவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தேன். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வது. அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

தெருமுனையிலேயே சில்வியா நின்றுகொண்டிருந்தாள். நர்ஸோடு பேசிவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அழுது முடித்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க அங்கிள். அப்பா ரெண்டு நாளும் நெனப்பே இல்லாம இருந்தாருன்னு அம்மாகிட்ட சொல்லிகீறேன். உங்களுக்காக இல்ல."

அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் தெருப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஃப்ளோரா அக்கா என்னைக் கண்டதும் கையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை விடாமல், சாப்பிடாமல் கொள்ளாமல் ரெண்டு நாளா எங்களுக்காகக் கஷ்டப்பட்ட பையன் என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நெனப்பில்லாமலே பூட்டாரு தமீமு. அதுவும் நல்லதுக்குத்தான். நெனப்பு இருந்து, நான் பேசலன்னு தெரிஞ்சிருந்தா எப்டி தவிச்சிருப்பாரு?"

"ஆமாக்கா" என்றேன்.