கோமால் வெளியே வந்த நேரம்

"அண்ணே, ஃபோனை நீ எடு. என் கையெல்லாம் மிளகாய்."

டெல்பினா சுட்ட பச்சை மிளகாய்களின் கருகிய தோலை உரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஜெபமாலைக்கு ஊரே திரண்டு வரும். வந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் மிளகாய்க் குழம்பு ஊற்றாமல் அனுப்பினால் அப்பா எவுசேபியோ பாகாவின் பெயர் என்னாவது? அவர் நேற்றுப் பிற்பகல்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.

ரொஹேலியோ ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். சவ அடக்க நிலையத்துக் கிந்தானா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நர்ஸ் கொடுத்த தாள்ல இறந்த நேரம் இருபத்திரண்டு நாற்பதுன்னு இருக்கு. அதாவது ராத்திரி பத்து நாற்பது. நான் ஆறு மணிக்கே அவரை வண்டியில ஏத்திட்டேனே ஐயா!"

"அப்ப உயிரோடயா ஏத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு ரொஹேலியோ தங்கையின் பக்கம் திரும்பினான். "என்னடி சொன்னே அந்த நர்ஸ்கிட்ட?"

"சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவளும் அழுதுக்கிட்டே எழுதிக்கிட்டா."

தலையில் அடித்துக்கொண்டான். அந்த வீட்டுக் கடிகாரங்கள் என்றைக்கு நியூ மெக்சிகோ நேரம் காட்டின? வானம் பார்க்கிறவர்கள் உலகெங்கும் ஒரே கிரீன்விச் நேரத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள். அப்பா அந்த நேரத்திலேயே குடித்தனமும் நடத்தினார். அம்மா இருந்தவரை சமையலறைக் கடிகாரம் ஒன்று மட்டும் அவள் பேச்சைக் கேட்டது. அவள் போனதும் அதுவும் ஆறு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது.

"அப்ப சாயங்காலம் நாலு நாற்பதுன்னு திருத்திடட்டுமா?" என்றார் கிந்தானா.

"திருத்துங்க."

"வேண்டாம்," என்றாள் டெல்பினா. "நாலு நாற்பது நான் பார்த்த நேரம். அவர் எப்பப் போனார்னு எனக்குத் தெரியாது."

"கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தே. தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று அவளுக்கே விளங்கவில்லை. நேற்றிலிருந்து அதையேதான் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள்.

செம்புச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவும், போர்ச்சுகலில் மருந்துக்கடை வைத்திருக்கும் அமாரோவும் பதினோரு வருடமாக ஒரே கோளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். வியாழனைவிடப் பெரிய கோள். தன் நட்சத்திரத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது, பத்தொன்பது மணி நேரத்தில் அதற்கு ஒரு வருடமே முடிந்துவிடும். அங்கே இரும்பை வைத்தால் ஆவியாகிப் போகும். பட்டியலில் அதற்கு வெறும் எண்தான். அப்பா 'கோமால்' என்று பெயர் வைத்தார், டார்டியா ரொட்டி சுடுகிற கல்லின் பெயர். ஒவ்வொரு சுற்றிலும் அது நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும், வெளியே வந்ததும் ஏறும். அந்தக் கடப்பு வருடத்துக்கு வருடம் கண்ணிமைக்கும் நேரம் முந்துவதுபோல் இருந்தது. கோமால் நட்சத்திரத்துக்குள் விழுந்துகொண்டிருக்கிறதா? நட்சத்திரத்தின் முகத்துக்கு உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் இரண்டும் கிடைத்தால்தான் கணக்கு நிற்கும். நடுவில் மேகம் வந்தால் அத்தனையும் பாழ்.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அப்பா ஒன்றையே சொன்னார்: "அது உள்ளே இருக்கறப்ப மட்டும் என்னைக் கூப்பிட்டுடாதேன்னு சாமிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்."

நேற்றைய கடப்பு அமாரோ ஊரில் இரவு, இங்கே மதியம் இரண்டரை. அவர் தொலைநோக்கியில் வெளிச்சத்தை அளந்து இரண்டு நிமிடத்துக்கு ஓர் எண் அனுப்பினார்; முழு வெளிச்சம் என்றால் ஆயிரம். டெல்பினா கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தாள். அமாரோ ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம். ஆயிரம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. அவர்களுடைய பழைய வழக்கம் அது: ஒருவர் வாசிப்பார், எழுதிக்கொண்டவர் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அப்பாவுக்குக் குரலும் போய்விட்டது, பென்சிலும் பிடிக்க வரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் தட்டினார். டொக். அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு, எண்களிலேயே கண்ணாக இருந்தாள் டெல்பினா.

கடைசியில் ஆயிரம் வந்தது. மறுபடியும் ஆயிரம். "வந்துடுச்சுப்பா! கோமால் வெளியே வந்துடுச்சு!" என்று நிமிர்ந்தாள். அப்பாவின் கை மணிக்கட்டுவரை ஜில்லென்று இருந்தது.

"தட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா கை அப்படிச் சில்லிட்டுக் கிடக்குது. எத்தனை எண்ணைப் பிணத்துக்கு வாசிச்சேன்னு தெரியலேண்ணே!" டெல்பினா வெடித்து அழுதாள். அதே மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து, ஐயோ ஐயோ என்று துள்ளினாள். ரொஹேலியோ அவளை இழுத்துப்போய்க் குழாயடியில் தலையைக் குனிய வைத்துத் தண்ணீரை அடித்தான்.

"கழுதை, கழுதை," என்றான். "இரு, அமாரோகிட்டக் கேட்டுடலாம்."

அமாரோவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன் அம்மாடி. அறுபத்தாறு எண், அறுபத்தாறு தட்டு. ஒண்ணைக்கூட விடலை, கிழட்டுப் பய! அது வெளியே வந்ததைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கான்."

ரொஹேலியோ கிந்தானாவை அழைத்து நாலு நாற்பது என்றே போடச் சொன்னான். டெல்பினா தலையாட்டினாள். ஆனாலும், கடைசி எண்ணுக்குத் தட்டிய கை அந்த நிமிடமே அப்படிக் குளிர்ந்துவிடுமா என்று கேட்டாள்.

"நோயில கிடந்த கை. முன்னாடியே ரத்தம் ஓடியிருக்காது," என்றான் அண்ணன்.

இருக்கலாம். குழம்பில் உப்புப் போட்டோமா என்பதும் அவளுக்கு நினைவில்லை. இரண்டாம் முறை போட்டாள்.

மாலை, கோயில் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. மூடாத பெட்டியில் அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் கிடந்தார். முன்னால் ஒருத்தி மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, கூட்டம் மறுபாதியைச் சொன்னது. டெல்பினாவின் கண் இன்னும் எரிந்தது. முன் நாற்காலியின் இரும்பு முதுகைப் பிடித்துக்கொண்டு அவளும் சொன்னாள்.

பத்து ஜெபம் முடிந்தது. அடுத்த பத்தில் ரொஹேலியோ திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று. ஆமென். டொக். மறுபடியும் ஆமென். டொக்.

அவள் விரல்தான்.

ரொஹேலியோ தன் பெரிய கையை அவள் கைமேல் வைத்து மூடிக்கொண்டான். இருவரும் பெட்டியைப் பார்த்தபடியே மறுபாதியைச் சொன்னார்கள்.

ஆமென் என்றது கூட்டம். டொக் என்றது கம்பி. அது யார் விரல் என்று ரொஹேலியோவுக்கும் தெரியவில்லை.